ரைக்ஸ்மியூசியத்தில் எது யாருடையது?

செவ்வாய்

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனில் டிராம் ஏறி ரைக்ஸ்மியூசியம் வாசலில் இறங்கினால், ஏறின ஸ்டேஷனுக்கே திரும்ப வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும். அதே செங்கல், அதே இரட்டைக் கோபுரம், அதே செங்குத்தான கூரை. இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, பியேர் கைபர்ஸ். மியூசியம் 1885-இல் திறந்தது, ஸ்டேஷன் 1889-இல். கைபர்ஸ் கத்தோலிக்கர், தேவாலயங்கள் கட்டிப் பேர் வாங்கியவர். புராட்டஸ்டன்ட் நாடான நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வண்ணக் கண்ணாடி, வளைவுகள், சுவர்ச் சித்திரம் என்று கோயில் லட்சணங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டார். பிஷப் மாளிகை மாதிரி இருக்கிறது என்று ஊர் முணுமுணுத்ததாம். அந்த மடத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அரசர் மூன்றாம் வில்லெமே சொன்னதாகக் கதை.

கட்டடத்தின் நடுவயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு பாதை போகிறது. அதில் சைக்கிள்கள் பறக்கின்றன. போட்டோ எடுக்க நின்றால் மணியடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். 2003 முதல் 2013 வரை மியூசியத்தின் பெரும்பகுதியை மூடி, 37.5 கோடி யூரோ செலவில் புதுப்பித்தார்கள். க்ரூஸ் இ ஓர்டிஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் இந்தப் பாதையைக் குறுக்கி, வாசலைப் பெரிதாக்கத் திட்டம் போட்டார்கள். சைக்கிள்காரர்கள் விடவில்லை. வருஷக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் பாதையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். உள்ளே தொங்கும் ஓவியர் ரெம்ப்ராண்ட் பெரியவர்தான், அதற்காக வேலைக்குப் போகிறவன் சுற்றிக்கொண்டு போவானா?

உள்ளே போய் முதலில் ஒரு காபி. மியூசியம் பிறந்த கதையை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். 1795-இல் பிரெஞ்சுப் படை நுழைந்ததும், நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஐந்தாம் வில்லெம் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். அவர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பாரீஸுக்கு அள்ளிப் போய் லூவ்ர் மியூசியத்தில் மாட்டினார்கள். புதிதாக வந்த குடியரசில் நிதி அமைச்சராக இருந்த ஐசக் கோகெல், மிச்சம் மீதி இருப்பதையாவது பொறுக்கி எடுத்து, பாரீஸ் மாதிரி நாமும் ஒரு தேசியக் காட்சிச்சாலை வைக்கலாம் என்றார். 1798-இல் முடிவெடுத்து, 1800 மே 31-ஆம் தேதி ஹேக் நகரத்து ஹவுஸ் டென் பாஸ் அரண்மனையில் திறந்தார்கள். கொள்ளை போனது போக மிஞ்சியதில் தொடங்கிய மியூசியம் இது.

அந்த வருஷம் இவர்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் படம் இன்றும் இங்கே இருக்கிறது. யான் ஆசெலைன் வரைந்த வெள்ளை அன்னம். சிறகு இரண்டையும் விரித்து, கழுத்தை நீட்டிச் சீறுகிறது. கீழே கூட்டில் முட்டைகள், இடது ஓரத்தில் தண்ணீரில் ஒரு நாய்த் தலை. விலை 100 கில்டர், அந்தக் காலத்து டச்சு நாணயம். வாங்கினது வெறும் அன்னத்துக்காக இல்லை. யாரோ பிற்காலத்தில் படத்தின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: முட்டை மேல் 'ஹாலந்து', நாய்க்கு மேல் 'நாட்டின் எதிரி', அன்னத்தின் கீழே நாட்டின் தலைமை நிர்வாகியின் பதவிப் பெயர். அந்த நிர்வாகி யோஹன் டி விட், 1672-இல் கும்பல் அடித்துக் கொன்ற அரசியல்வாதி. நாட்டைக் காத்த அன்னம் அவர் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். ஆனால் ஆசெலைன் 1652-இலேயே இறந்துவிட்டார், டி விட் அந்தப் பதவிக்கு வந்தது 1653-இல். பாவம், ஓவியர் வரைந்தது நாயைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரு பறவையை மட்டும்தான்.

புதன்

தங்கியிருப்பது ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வேனில் அக்கா மகன் வீட்டில். "நேத்துதானே சித்தி போனீங்க? வான் கோ மியூசியம் பக்கத்துலயேதான் இருக்கு, இன்னிக்கு அதுக்கு டிக்கெட் போட்டுடவா?" என்றான். வேண்டாம் என்றதும் போனைத் திறந்து ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் எதையோ தேடி, எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் உண்டு. 'எஸ்கே-ஏ' என்று தொடங்கினால் அது மியூசியத்தின் சொந்தப் படம். 'எஸ்கே-சி' என்றால் இரவல். நேற்றைய அன்னத்தின் எண் எஸ்கே-ஏ-4. "இப்ப நைட் வாட்ச் பாருங்க." எஸ்கே-சி-5.

இந்த மியூசியமே ரெம்ப்ராண்டின் அந்த ஒரு படத்துக்காகக் கட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். நீள மண்டபத்தின் கோடியில், கோயில் மூலஸ்தானம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவே இரவல்! படம் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியின் சொத்து. நெப்போலியனின் தம்பி லூயி இங்கே அரசராக இருந்தபோது, 1808-இல் மியூசியத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றி, டாம் சதுக்கத்து நகர மண்டபத்தைத் தன் அரண்மனையாக்கி, அங்கேயே மியூசியத்தையும் வைத்தார். நகராட்சியின் படங்கள் அப்போது மியூசியத்தோடு சேர்ந்தன. லூயி போனார், நெப்போலியன் போனார், இரவல் மட்டும் இன்றுவரை நடக்கிறது.

படத்துக்கு முன்னால் கூட்டம் நாலு வரிசை. நான் காத்திருந்து காத்திருந்து முன்னால் போனேன். 2019-இலிருந்து படத்தைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, எல்லோர் கண் முன்னாலும் ஆராய்ச்சியும் சிகிச்சையும் செய்கிறார்கள். 2024 நவம்பரில் பழைய வார்னிஷை எடுக்கத் தொடங்கினார்கள். கரைப்பான் நனைத்த மெல்லிய துணியை ஒரு சின்னச் சதுரத்தில் வைத்து எடுக்கிறார்கள். ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் உருட்டி உருட்டி எடுக்கிறார்கள். நாலரை மீட்டர் அகலப் படத்தை இப்படிக் கைக்குட்டை அகலம் கைக்குட்டை அகலமாகத் துடைக்கும் பொறுமையைப் பார்த்தால் நமக்குக் கை வலிக்கிறது.

1642-இல் ரெம்ப்ராண்ட் இதை வரைந்தது ஆம்ஸ்டர்டாம் துப்பாக்கிக் காவற்படையின் மண்டபத்துக்காக. கேப்டன் ஃப்ரான்ஸ் பானிங்க் கோக்கும் அவருடைய ஆட்களும் ஆளுக்குச் சுமார் 100 கில்டர் போட்டார்கள், நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடக்குறைய. காசு கொடுத்தும் முகத்தில் பாதி மறைந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. காசே கொடுக்காத ஒரு பெண்பிள்ளை மேல்தான் மொத்த வெளிச்சமும் விழுகிறது. மஞ்சள் பட்டு உடுத்தி, இடுப்பில் செத்த கோழியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கோழியின் நகம் அந்தப் படையின் சின்னம். காவற்படைக் கொடிக்குப் பதில் ஒரு கோழிக் காலை வெளிச்சத்தில் வைக்க ரெம்ப்ராண்டுக்குத்தான் தைரியம் வரும். இரவும் இல்லை இது, பகல்தான். வார்னிஷும் அழுக்கும் ஏறி இருண்டு போனதால் பிற்காலத்தார் இரவுக் காவல் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இந்தப் படம் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1715-இல் நகர மண்டபத்துக்குக் கொண்டு போனபோது, இரண்டு கதவுகளுக்கு நடுவே பொருந்தவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். இடது பக்கம் மட்டும் 60 சென்டிமீட்டர் போச்சு, அதோடு இரண்டு ஆட்களும் ஒரு குழந்தையும். வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. வெட்டுவதற்கு முன் ஹெரிட் லுண்டன்ஸ் என்பவர் சிறிதாக ஒரு நகல் எடுத்திருந்தார், அதை வைத்து 2021-இல் கணினியால் அந்த ஓரங்களை மறுபடி உருவாக்கிக் கொஞ்ச காலம் ஒட்டிக் காட்டினார்கள். 1911-இல் ஒருவன் கத்தியால் கீறினான், வார்னிஷ் தடிமனாக இருந்ததால் தப்பித்தது. 1975-இல் இன்னொருவன் கத்தியால் கிழித்தே விட்டான். 1990-இல் அமிலம் வீசினான் மூன்றாமவன், காவலர் உடனே தண்ணீர் விட்டதால் வார்னிஷோடு போனது. போர்க் காலத்தில் பாய் மாதிரி உருளையில் சுருட்டி ஊர் ஊராகக் கொண்டு போய், 1942-இலிருந்து மாஸ்ட்ரிக்ட் பக்கத்தில் செயின்ட் பீட்டர் குன்றின் குகைக்குள் வைத்திருந்தார்கள். 1945-இல் திரும்பி வந்தது. இன்றைக்கு வேறு எதையும் பார்க்க மனசு வரவில்லை.

வியாழன்

எண் விளையாட்டு பிடித்துவிட்டது. படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டையில் படத்தின் பெயரைவிட, எப்படி வந்தது என்ற கடைசி வரியைத்தான் முதலில் படிக்கிறேன்.

வெர்மீரின் பால்காரி எஸ்கே-ஏ-2344, சொந்தப் படம். ஆனால் அந்தச் சொந்தத்துக்கு நாடாளுமன்றம் வரைக்கும் பஞ்சாயத்து நடந்தது. சிக்ஸ் என்ற பேருடைய குடும்பத்தின் சேகரிப்பு விலைக்கு வந்தபோது, அமெரிக்காவுக்குப் போய்விடுமோ என்று பயந்து, ரெம்ப்ராண்ட் சங்கத்தின் உதவியோடு 1908-இல் அரசு 39 படங்களை வாங்கியது, இவளும் அதில் ஒருத்தி. படம் ஒன்றரை அடிதான், 45.5-க்கு 41 சென்டிமீட்டர். முன்னால் நின்றால் அவள் ஊற்றும் பாலின் சத்தம்கூடக் கேட்கும் போல இருக்கிறது. கூடையில் இருக்கிற ரொட்டியின் மேல் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார், எள் தூவின மாதிரி. பின்சுவர் வெறும் வெள்ளை இல்லை. பிடுங்கின ஆணியின் ஓட்டைகள், பிடுங்காத ஒரு ஆணி, அதற்கு ஒரு பொட்டு நிழல். 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வெற்றுச் சுவரில் வெர்மீர் முதலில் ஜாடிகள் மாட்டும் பலகை ஒன்றை வரைந்துவிட்டு மூடியது தெரிந்தது. கீழே இருந்த தணல் வைக்கும் கூடையையும் மறைத்துவிட்டார். என்ன இருக்கிறது என்று எல்லோரும் வரைவார்கள். எதை எடுப்பது என்று தெரிந்த ஆள் இவர். ஏப்ரனின் நீலம் ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்தது என்றால், சமையற்காரிக்குப் போய் அந்த விலையிலா என்று கேட்கத் தோன்றும். போட்டிருக்கிறார்.

பக்கத்திலேயே அவருடைய சிறு தெருவும் இருக்கிறது. ராயல் டச்சு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங் 1921-இல் கொடுத்த நன்கொடை. நீலச் சட்டைக்காரி கடிதம் படிக்கும் படமோ மறுபடி நகராட்சி இரவல். அட்ரியான் வான் டெர் ஹோப் என்ற வங்கியாளர் 1854-இல் இறந்தபோது 224 படங்களை நகரத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ரெம்ப்ராண்டின் யூத மணப்பெண்ணும் அதே உயிலில் வந்ததுதான். மனிதருக்கு என்ன கண்!

அந்தப் படத்துக்கு முன்னால் பெஞ்சு காலியாக இருந்தது, உட்கார்ந்துகொண்டேன். 1885-இல், மியூசியம் திறந்த புதிதில், வான் கோ இங்கே வந்து இதே படத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். காய்ந்த ரொட்டித் துண்டோடு பதினைந்து நாள் இங்கேயே இருக்க விட்டால் ஆயுளில் பத்து வருஷம் தருவேன் என்றாராம் கூட வந்த நண்பரிடம். மணப்பெண்ணோடு நிற்கும் ஆணின் சட்டைக் கையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அதிகமில்லை. தங்க நிறச் சாயம் அப்பி அப்பி, மேடு பள்ளமாக, தடவினால் கையில் தட்டுப்படும் அளவுக்கு நிற்கிறது. தொட விட மாட்டார்கள்.

பாதிச் சொந்தம் என்று ஒரு வகையும் உண்டு. மார்ட்டன், ஓப்யென் என்ற கணவன் மனைவியை ரெம்ப்ராண்ட் 1634-இல் ஆளுயரத்துக்குத் தனித்தனியாக வரைந்தார். ரோத்ஸ்சைல்ட் குடும்பத்திடமிருந்து விலைக்கு வந்தபோது 16 கோடி யூரோ. நெதர்லாந்தும் பிரான்சும் பாதிப் பாதி போட்டு 2016-இல் வாங்கின. ஜோடியைப் பிரிக்கக் கூடாது, இங்கே கொஞ்ச காலம், லூவ்ரில் கொஞ்ச காலம். கூட்டுப் பட்டா!

பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீட்டின் முன்னால் குழந்தைகளைவிடப் பெரியவர்கள் கூட்டம்தான் அதிகம். கால்வாயோரத்தில் நிஜ வீடு வாங்கும் பணத்தை இதில் போட்டிருக்கிறாள். மியூசியத்திலேயே பெரிய படமான வாட்டர்லூ போரையும் பார்த்தேன். பெரிது, அவ்வளவுதான்.

வெள்ளி

இன்று அட்டைகள் கொஞ்சம் கசந்தன.

ராயல் சார்ல்ஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலின் பின்பக்கச் சிற்பம் சுவரில் தொங்குகிறது, சிங்கமும் ஒற்றைக்கொம்பனும் ராஜ முத்திரையைத் தாங்கியபடி. 1667-இல் டச்சுக்காரர்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து அந்தக் கப்பலை இழுத்து வந்துவிட்டார்கள். இதைப் பெருமையாகவே மாட்டியிருக்கிறார்கள். பலசாலி பலசாலியிடம் பறித்தால் அதற்குப் பேர் வெற்றி.

கண்டிப் பீரங்கி இங்கே இப்போது இல்லை. ஒரு மீட்டருக்கும் குறைவான வெண்கலப் பீரங்கி, மேலே பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்தது, சூரியன், பிறை, சிங்கம் பொறித்தது. லெவ்கே திசாவை என்ற பிரதானி 1740-களில் கண்டி அரசருக்குக் கொடுத்த பரிசு. அப்போது கண்டியை ஆண்டது மதுரைப் பக்கத்திலிருந்து போன நாயக்கர் வம்சம். 1765-இல், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், டச்சு ஆளுநர் வான் எக் படையோடு போய் அரண்மனையைச் சூறையாடினார். பீரங்கி ஐந்தாம் வில்லெமின் அபூர்வப் பொருள் அறைக்கு வந்து, அவர் ஓடிப்போன பிறகு புது மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை சொன்னேனே, கொள்ளை போனது போக மிஞ்சியது என்று? மிஞ்சியதிலும் கொள்ளைப் பொருள் இருந்திருக்கிறது. பாரீஸ் எடுத்துக்கொண்டதைக் குறையாகச் சொன்ன நாடு, கண்டியில் எடுத்ததை இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தது. 2023-இல் நெதர்லாந்து அரசு இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்குமாக 478 பொருட்களைத் திருப்பித் தர முடிவு செய்தது. இலங்கைக்கு ஆறு: இந்தப் பீரங்கி, இரண்டு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு துப்பாக்கிகள். அந்த டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்கள்.

வெளியார் பொருள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜாக் கௌட்ஸ்டிக்கர் ஆம்ஸ்டர்டாமின் பெரிய ஓவிய வியாபாரி, யூதர். 1940-இல் நாஜிகளிடமிருந்து தப்பிக் கப்பலில் போகும்போது இருட்டில் கீழ்த்தளத் திறப்பில் விழுந்து இறந்தார். சட்டைப் பையில் சின்னக் கறுப்பு நோட்டு ஒன்று இருந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களின் பட்டியல். படங்களில் பெரும்பங்கு நாஜித் தலைவர் கோரிங் கைக்குப் போனது. போருக்குப் பிறகு திரும்பி வந்தவற்றை வாரிசிடம் தராமல் அரசு வைத்துக்கொண்டு மியூசியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2006-இல்தான் 202 படங்கள் குடும்பத்துக்குத் திரும்பின. அதில் சில ரைக்ஸ்மியூசியச் சுவரிலிருந்து இறங்கியவை.

மதியத்துக்கு மேல் ஆசிய மண்டபம். பிரதானக் கட்டடத்துக்கு வெளியே, சுற்றித் தண்ணீர் கட்டி, தனியாக நிற்கிறது. பாதிப்பேர் இங்கே வருவதே இல்லை. அமைதியாக இருந்தது.

நடராஜர். சோழர் காலம், 12-ஆம் நூற்றாண்டு, ஐந்தடி உயரம், எடை சுமார் 300 கிலோ. நம் ஊரில் நடராஜரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே முதலில் ஒரு திகைப்பு. கோயிலில் பட்டும் மாலையும் போக முகமும் தூக்கிய திருவடியும் மட்டும்தான் தெரியும், அதுவும் திரை விலகுகிற நேரத்தில். இங்கே திருவாசிச் சுடர் ஒவ்வொன்றும், முயலகன் முதுகும், ஊன்றின காலின் முழங்கால் மடிப்பும் தெரிகிறது. பின்பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்தேன். தோள்பட்டைக்கு நடுவே முதுகெலும்பின் ஓடை, இடுப்பில் திரும்பும் வளைவு! அலங்காரத்துக்குள் மறைந்து போகும் என்று தெரிந்தே ஒரு ஸ்தபதி இந்த முதுகைச் செய்திருக்கிறார்.

இவ்வளவு பெரிய சிலை உள்ளே பொள்ளலா, கனமா என்று ஆராய, மருத்துவமனை எக்ஸ்ரே போதவில்லை. ராட்டர்டாம் சுங்கத்துறையில் சரக்கு லாரிகளைச் சோதிக்கும் பெரிய எக்ஸ்ரே இருக்கிறது. நடராஜரை லாரியோடு அதற்குள் அனுப்பினார்கள். முழுக்கக் கனம், திருவாசி உட்பட. சுவாமிமலையில் கேட்டிருந்தால் லாரி இல்லாமலே சொல்லியிருப்பார்கள், உற்சவரைக் கனமாகத்தான் வார்ப்பது வழக்கம். ஆனாலும் சுங்கத்துறை வரிசையில் நடராஜர் நின்றதை நினைத்தால் சிரிப்பு அடக்க முடியவில்லை.

கடைசி வரி: இதுவும் இரவல். ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் 1935-இல் பாரீஸில் சி. டி. லூ என்ற வியாபாரியிடம் வாங்கியது. ஆசியக் கலைப்பொருட்கள் மேலை நாட்டு மியூசியங்களுக்குப் போன பெரிய வாசல்களில் அவர் கடையும் ஒன்று. வாங்கினார்கள், சரி. உற்சவரை விற்கும் உரிமை யாருக்கு இருந்தது? நைட் வாட்ச் யாருடையது என்று கேட்டால் நகராட்சி என்று பதில் இருக்கிறது. இங்கே அந்த வரியைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. காவலுக்கு நின்ற பெண், "நீங்கள் இந்தியாவா? உங்கள் ஊர்க்காரர்கள் சிலர் இங்கே வந்து கும்பிடுவார்கள்" என்றாள். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

சனி

இன்று மியூசியத்துக்குப் போகவில்லை, நைட் வாட்ச் போன வழியில் நடந்தேன். "படத்த விட்டுட்டுப் படம் இருந்த சுவத்தைப் பார்க்கப் போறீங்களா சித்தி?" என்று கேட்டவன், சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே வந்தான்.

காவற்படை மண்டபம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பழைய ஹோட்டல். அங்கிருந்து குளோவெனியர்ஸ்பர்க்வால் கால்வாய் ஓரமாகவே நடந்தால் டிரிப்பன்ஹௌஸ் வந்துவிடுகிறது. 1817-இலிருந்து 1885 வரை ரைக்ஸ்மியூசியம் இந்த வீட்டில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. இதைக் கட்டிய டிரிப் சகோதரர்கள் ஆயுத வியாபாரிகள். கூரையைப் பார் என்று அவன் கை காட்டினான். புகைபோக்கிகள் குண்டு வீசும் குட்டைப் பீரங்கி வடிவத்தில் இருக்கின்றன. வீட்டில் இப்போது நாட்டின் அறிவியல் கழகம் நடக்கிறது. டாம் சதுக்கத்து அரண்மனைக்கும் போனோம். பளிங்கு மண்டபம் அழகு. நல்ல பெரிய சுவர்கள், படத்தை வெட்டாமலே மாட்ட ஒரு சுவர்கூடவா கிடைக்கவில்லை?

நாளைக்கு ஹேக். ஐந்தாம் வில்லெமிடமிருந்து பாரீஸுக்குப் போனவற்றில் எல்லாம் இல்லாவிட்டாலும் ஒரு பகுதி 1815-இல் திரும்பி வந்து மௌரிட்ஸ்ஹௌஸ் மியூசியத்தில் இருக்கிறது. பவுலஸ் பாட்டரின் ஆளுயரக் காளையும் அப்படி லூவ்ர் வரை போய்த் திரும்பியதுதான். பத்து மணிக்கு டிக்கெட், எட்டரை ரயில். அக்கா மகன் இந்த முறை தனக்கும் சேர்த்தே போட்டிருக்கிறான்.